திங்கள் முதல் வெள்ளி வரை

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கங்கள் எவை? பொதுத் தேர்வின் முடிவுகள், விளையாட்டு விழாப் படங்கள், பரிசு பெற்றோர் பட்டியல் ஆகியவையே. தொடக்க வகுப்புகளுக்கு ஒரு பக்கம் கிடைத்தால் அதுவே பெரிது. மாறுவேடப் போட்டியில் பாரதியாராகவும் ஜான்சி ராணியாகவும் நிற்கும் குழந்தைகளின் படம் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு வரிகள், அவ்வளவுதான். இதில் குறை கூற ஒன்றுமில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு அடித்தளம் தெரிவதில்லை. ஆயினும் அடித்தளத்தைப் பற்றிப் பேசவும் ஓர் இடம் வேண்டுமன்றோ? தொடக்க வகுப்பில் பணியாற்றும் ஆசிரியை என்ற முறையில் அந்த இடத்தை இன்று நான் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். தொடக்க வகுப்புக் கல்வியை ஆண்டுத் தேர்வு கொண்டு அளப்பது பொருந்தாது. வாரம் கொண்டே அளக்க வேண்டும். ஐந்து நாள்களும் குழந்தை வகுப்பில் இருக்கிறாளா? திங்களன்று கற்றதை வெள்ளியன்று மீண்டும் சந்திக்கிறாளா? பின்தங்கியவளுக்காக வகுப்பு சற்று நின்று காத்திருக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் "ஆம்" என்ற விடை கிடைக்குமானால், ஆண்டுத் தேர்வைப் பற்றி எவரும் கவலைகொள்ள வேண்டுவதில்லை.

ஒரு வாரத்தின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. வாரம் ஐந்து நாள் என்று கொண்டால் 200 நாள் என்பது 40 வாரங்கள். 800 மணியை 40 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்திற்கு 20 மணி. நாளொன்றுக்கு 4 மணி.

ஆண்டு என்று சொல்லும்போது அது கடல் போல் தோன்றுகிறது. ஒரு நாள் போனால் என்ன என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் நாற்பதே வாரங்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வாரத்தின் அருமையும் புலப்படும். மாதத்தில் இரண்டே நாள் பள்ளிக்கு வராத குழந்தை, பத்து மாதங்களில் இருபது நாள்களை இழக்கிறாள். இருபது நாள் என்பது நான்கு வாரம், நாற்பதில் நான்கு. பத்தில் ஒரு பங்கு கல்வி ஓசையின்றிக் கைநழுவிப் போய்விடுகிறது.

நான்கு நாளில் நான்கு படி

"ஒரு நாள்தானே, மறுநாள் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்" என்று பெற்றோர் சிலர் கூறுவதுண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இது பொருந்தலாம். முதல் வகுப்புக் குழந்தைக்குப் பொருந்துமா? முதல் வகுப்பின் ஒரு வாரத்தை இங்கே விரித்துக் காட்டுகிறேன். நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் வரிசையாக ஒப்புவிக்கச் செய்வது ஒரு முறை. எழுதுவதற்கு எளிய சில எழுத்துகளை முதலில் கற்பித்து, உடனே அவற்றைக் கொண்டு சொற்களைப் படிக்கச் செய்வது மற்றொரு முறை. இரண்டாவது முறையையே எடுத்துக்கொள்வோம்.

திங்களன்று 'ட'. மேலிருந்து ஒரு கோடு, கீழே பக்கவாட்டில் ஒரு கோடு; பிஞ்சு விரலுக்கு எட்டும் எழுத்து. செவ்வாயன்று 'ப'. 'ட'வுக்கு வலப்புறமும் ஒரு சுவர் எழுப்பினால் 'ப' ஆயிற்று. அன்றே குழந்தை "பட பட" என்று படிக்கிறாள், கோழி சிறகடித்துக் காட்டுகிறாள், வகுப்பே சிறகடிக்கிறது. புதனன்று 'ம'. இப்போது "மட மட" என்று தண்ணீர் குடிக்கிறார்கள். வியாழனன்று புள்ளி. எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஓசை குறுகி ஒடுங்குகிறது என்பதை வாயைத் திறந்தும் மூடியும் காட்டுகிறோம்: 'ம' என்றால் வாய் திறந்திருக்கிறது, 'ம்' என்றால் மூடிக்கொள்கிறது. வெள்ளியன்று கரும்பலகையில் நான்கு சொற்கள்: படம், மடம், பட்டம், மட்டம்.

இந்த வெள்ளிக்கிழமையை நேரில் பார்க்காதவர்களுக்கு அதன் மகிழ்ச்சியைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். நேற்று வரை கோடுகளாக இருந்தவை இன்று சொற்களாகிவிட்டன. "பட்டம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் குழந்தை சட்டென்று நிமிர்ந்து, "டீச்சர், பட்டம்! எங்க அண்ணன் விடுற பட்டம்!" என்று கூவுகிறாள். கல்வி என்பது அந்தக் கூவலில்தான் தொடங்குகிறது.

இப்போது புதன்கிழமை உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்ற குழந்தையைப் பாருங்கள். அவள் இழந்தது ஒரே ஓர் எழுத்து, 'ம'. ஆனால் வெள்ளியன்று கரும்பலகையில் உள்ள நான்கு சொற்களில் 'ம்' இல்லாத சொல் எது? ஒன்றுகூட இல்லை! ஓர் எழுத்தை இழந்தவள் நான்கு சொற்களையும் இழக்கிறாள். வகுப்பு சிறகடித்துக் கூவும் நேரத்தில் அவள் மட்டும் பக்கத்துத் தோழியின் வாயைப் பார்த்து வாயசைக்கிறாள். தோழியின் நோட்டைப் பார்த்து அவள் 'ம' வரைந்துவிடலாம். ஆனால் வாயைத் திறந்து மூடிய அந்தப் பாடத்தை எந்த நோட்டிலிருந்து எழுதிக்கொள்வது?

கணக்கிலும் இதே கதைதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நூல் சுற்றும் வேலை ஒரு நாள் நடக்கும். ஒரு கட்டும் மூன்று குச்சியும் பதின்மூன்று என்பது மறுநாள் வரும். கட்டுக் கட்டிய நாளில் இல்லாத குழந்தைக்கு, மறுநாள் பதின்மூன்று என்பது எழுத்தில் ஒன்றும் மூன்றும்தான். ஏன் அது நான்கு ஆகாது என்று அவள் கேட்பதில் பிழை ஏதுமில்லை. இன்னும் சற்று உயரே ஏறினால், எண்பத்தொன்பது வரை தடையின்றி வந்த குழந்தை "எண்பத்துப் பத்து" என்பாள். தொண்ணூறு என்ற பெயரிலேயே நூறு ஒலிப்பதால் பத்துகளின் வரிசையில் அவளுக்கு அது பிடிபடுவதில்லை. இப்படிப்பட்ட மேடு பள்ளங்கள் எங்கே உள்ளன என்று அறிந்து, குழந்தையின் கையைப் பிடித்துக் கடக்கச் செய்வதே தொடக்க வகுப்பு ஆசிரியையின் தொழில்.

மறதி செய்யும் வேலை

வாரம் முழுவதும் தவறாமல் வந்த குழந்தைக்கும் ஒரு பகை உண்டு. அதுவே மறதி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் உளவியல் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தம்மையே சோதித்து, 1885-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது, பின்னர் அதன் வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட உண்மை.

அவர் கண்ட மற்றோர் உண்மை நமக்கு இன்னும் பயன்படுவது. பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே மூச்சில் 68 முறை திரும்பத் திரும்பச் சொல்லிக் கிடைத்த பயன், அதையே மூன்று நாள்களுக்குப் பிரித்து மொத்தம் 38 முறை சொன்னபோதே கிடைத்துவிட்டது. பின்னாளில் பலர் செய்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. இடைவெளி விட்டு மீண்டும் சந்திப்பது, ஒரே நாளில் திணிப்பதைவிடச் சிறந்தது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சன்று.

இதை ஒப்புக்கொண்டால் ஒன்று தெளிவாகிறது. ஜூனில் நடத்திய பாடத்தை மார்ச்சில் மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பது சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு உதவாது. திங்களன்று கற்றதைச் செவ்வாயன்று ஐந்து நிமிடமும், வெள்ளியன்று சற்று அதிகமாகவும், அடுத்த வாரம் ஒரு முறையும் சந்திக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமையின் ஒரு பகுதியைப் புதுப் பாடத்திற்குக் கொடுக்காமல் பழைய பாடத்திற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தேர்வாக்கி, மதிப்பெண் போட்டு, அச்சத்தை உண்டாக்க வேண்டியதில்லை. விளையாட்டாக, பாட்டாக, சொல் அட்டை தேடுவதாக அது அமையலாம். எவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்று ஆசிரியைக்குத் தெரிந்தால் போதும்.

மணலும் ஏணியும்

"அப்படியானால் கெட்டிக்காரக் குழந்தைகள் வெள்ளிக்கிழமை சும்மா இருப்பார்களா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது.

1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்ய விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் கற்பித்தான், மற்றவர்கள் கற்றார்கள். 1797-இல் பெல் தம் அனுபவத்தை இங்கிலாந்தில் அச்சிட்டு வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. மணலில் எழுதியது அழிந்துவிடும். மறுநாள் மீண்டும் எழுதியே ஆக வேண்டும். அழிந்து அழிந்து எழுதியதால்தான் கையில் நின்றது. கற்றவன் கற்பித்ததால் அவன் கல்வியும் உறுதிப்பட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை கெட்டிக்காரக் குழந்தைக்கு வேலை இல்லாமற்போகாது. 'ம' அறியாத தோழிக்கு அவளே ஆசிரியை.

இக்காலத்திலும் நம் மாநிலம் இவ்வழியில் சில முயற்சிகளைச் செய்தது. ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தின் அனுபவத்தைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். சுவரின் அடியில் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. பாடங்கள் சிறு அட்டைகளாகி, 'ஏணி' என்ற பட்டியலில் படிப்படியாக அடுக்கப்பட்டன. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்த குழந்தை திரும்பி வந்தால், ஏணியில் தான் விட்ட படியிலிருந்தே மீண்டும் ஏறலாம். அம்முறையில் குறைகள் கூறப்பட்டதுண்டு. அட்டைகளைப் பேணுவதும் தனித்தனியே கவனிப்பதும் ஆசிரியர்க்குப் பெருஞ்சுமை ஆயிற்று. ஆயினும் வராத குழந்தைக்காக ஏணி காத்திருந்தது என்பதை மறுக்க முடியாது.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடு செய்ய, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. குழந்தைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகக் கொண்டு அவரவர்க்கு ஏற்ற பயிற்சி தரப்பட்டது. முறைகள் வரும், போகும்; பெயர்கள் மாறும். ஆனால் எல்லா நல்ல முறைகளுக்கும் உள்ளே இருக்கும் கருத்து ஒன்றே: குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு, கற்றதைத் திரும்பச் சந்திக்கச் செய், ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போகாதே.

மூவருக்கு மூன்று வேண்டுகோள்

அன்புப் பெற்றோரே! குழந்தையை ஐந்து நாளும் அனுப்புங்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் மதிய உணவு வந்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியதும், 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் எதற்காக? பசியின் பொருட்டு ஒரு குழந்தையும் வகுப்பை இழக்கக் கூடாது என்பதற்காகவே. பசிக்கே மருந்து கண்ட பிறகு, காதுகுத்துக்கும் கிரகப் பிரவேசத்திற்கும் வாரத்தின் நடுநாளை நாம் விட்டுக் கொடுக்கலாமா? காய்ச்சல் கண்ட குழந்தையை அனுப்பச் சொல்லவில்லை. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஐந்தாம் வகுப்பு அக்காவை நிறுத்திவிடாதீர்கள் என்றே சொல்கிறேன்.

மாலையில் "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதை விட்டு, "இன்று என்ன தெரிந்துகொண்டாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. வீட்டுப்பாடம் வேண்டாம், வீட்டுப் பேச்சு போதும். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடம் விட்டு, அன்றைய எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரின் பெயரில் தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். குழந்தை படிக்க, தாய் கேட்டு மகிழ்ந்தாலே போதும்.

பள்ளியை நடத்தும் அருட்சகோதரியரிடமும் உடன் பணியாற்றும் ஆசிரியைகளிடமும் பணிவுடன் ஒன்று கேட்பேன். "பாடம் முடிந்ததா?" என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே "பிள்ளைகளுக்கு வந்ததா?" என்ற கேள்வியையும் வைப்போம். தொடக்க வகுப்பின் நேரத்தை விழா ஒத்திகைக்கென்று எளிதில் எடுத்துக்கொள்ளாதிருப்போம். வராத குழந்தையின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் குறியிடுவதோடு நில்லாமல், அவள் திரும்பும் நாளில் பத்து நிமிடம் அவளுக்கென ஒதுக்குவோம்.

மாணவத் தங்கைகளே! உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும் ஒரு குழந்தை இருப்பாள். நாளுக்குப் பத்து நிமிடம் அவள் படிப்பதைக் கேளுங்கள். தலையில் குட்டாதீர்கள், "இதுகூடத் தெரியாதா?" என்று கேலி செய்யாதீர்கள். எட்டு வயதுச் சிறுவனால் முடிந்தது பதினைந்து வயது அக்காவால் முடியாதா?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். முதலிரு வகுப்புகளில் குழந்தை படிக்கக் கற்கிறாள். அதன்பின் படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்கு அறிவியலும் சமூகவியலும் கணக்கும் ஒருங்கே மூடிக்கொள்கின்றன. அவள் சண்டையிடுவதில்லை, அழுவதில்லை, வாயசைக்கப் பழகிக்கொள்கிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன. ஒரு நாள் வீட்டில் "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பெண் பிள்ளையாயிற்றே, அந்தச் சொல் வந்துவிட்டால் அவளைத் தையலுக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்ப நெடுநேரம் ஆவதில்லை. படிப்பு ஏறவில்லையா? அல்லது என்றோ ஒரு புதன்கிழமை அவளுக்குக் கிடைக்காமற்போன ஓர் எழுத்தை, எவரும் திரும்பிச் சென்று எடுத்துக் கொடுக்கவில்லையா?

சிறு துளி பெருவெள்ளம். பொதுத் தேர்வில் முதலிடம் பெறும் மாணவியும் ஒரு காலத்தில் 'ட'வுக்குச் சுவர் எழுப்பி 'ப' ஆக்கியவள்தான். அந்த வாரத்தில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவளும் அவளோடு சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பின் வாயிலைக் கடக்க வேண்டும். அதற்கு நாம் தர வேண்டியது பெரும்பொருள் அன்று. திங்கள் முதல் வெள்ளி வரை, குறைவற்ற ஒரு வாரம். அடுத்த வாரம் மீண்டும் ஒன்று. அப்படி நாற்பது.